அழகர் ஆற்றில் இறங்கிய அன்று விமானம் ஏறினோம்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு. செல்லூர், மதுரை

மாசம் ஆளுக்கு 2,500 ரூபாய். 24 மாதம். வங்கியில் ஆர்.டி.யாகப் போட்டு வந்த பணம் இந்த மாதம் முதிர்ந்துவிட்டது. ஆளுக்கு 60,000, வட்டி தனி. இன்று மதியம் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் உட்கார்ந்து நாலு பேரும் பாஸ்புக்கை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அப்போதே வந்த பழக்கம். திருமங்கலம் தையல்கடை வைத்திருக்கிறாள். மேலூர் அரசுப் பள்ளி ஆசிரியை. உசிலம்பட்டி கணவரோடு மருந்துக்கடை பார்க்கிறாள். நான் செல்லூர், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மே மாத விடுமுறையில் பதினாறு நாள் வெளிநாடு போவது என்பது இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த முடிவு. எந்த நாடு என்பதை மட்டும் பணம் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம்.

திருமங்கலத்துக்கு சிங்கப்பூர் ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலாவது நாளே பணம் தீர்ந்துவிடும். மேலூர் மலேசியா என்றாள். உசிலம்பட்டி ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பையில் இருந்து ஒரு பழைய குடும்ப அட்டையின் நகலை எடுத்து வைத்தாள். அவளுடைய அப்பத்தாவுடையது.

அப்பத்தா இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964-ல் இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவானது. அப்படி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் தங்கி, கடைசியில் உசிலம்பட்டிக்கு வந்து சேர்ந்த குடும்பம். விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பத்தாவை நானும் பார்த்திருக்கிறேன். ரொட்டியைப் பாண் என்பார், டீயைத் தேத்தண்ணி என்பார். பால் ஊற்றாத சாயத்தைத் தம்ளரில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பார். "அங்க குளிருக்கு இப்படித்தான் குடிப்போம்" என்று சொல்லுவார். இறந்து பத்து வருடம் ஆகிறது.

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம்டி" என்றாள். அதற்கு மேல் யாரும் சிங்கப்பூர் பேசவில்லை.

மார்ச் 29, சனி. மதுரை

இன்று முழுக்கப் பெயரோடு மல்லுக்கட்டினோம்.

நமக்கெல்லாம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. எனக்கு அது காலி. மேலூருக்கு அதில் அப்பா பெயர். திருமங்கலத்துக்குக் கணவர் பெயர். உசிலம்பட்டி இனிஷியலை விரித்து, தன் பெயரோடு சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதியிருந்தாள். நாலு பேருக்கும் நாலு விதம். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் எதையும் பார்க்காமல், ஆதார் நகலை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக அடித்துவிட்டார். மேலூருடையது மட்டும் பொருந்தியது. மற்ற மூன்றையும் திருத்த ஆளுக்கு 1,500 ரூபாய். தவறு அவருடையது, பணம் எங்களுடையது. நாலு தடவை நடந்தோம். "எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

வெளிநாடு கிளம்பும் யாராக இருந்தாலும் இதை ஒன்றை மட்டும் செய்யுங்கள். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். இலங்கைக்கான இணைய அனுமதி விண்ணப்பத்திலும் அதே பெயர் அதே வரிசையில் வர வேண்டும். அதை நாங்களே உட்கார்ந்து நிரப்பினோம்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. குறைந்த கட்டணம் கிடைத்த நாள் மே 12. தேதியைப் பார்த்ததும் அம்மா முகம் மாறிவிட்டது. அன்றுதான் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்குகிறார்.

"கொடியேறின பிறகு ஊரை விட்டுப் போவாங்களா? அழகர் மலைக்குத் திரும்பினதும் போனா என்ன?"

காலையில் ஆற்றில் பார்த்துவிட்டு மத்தியானம்தான் விமானம் என்று சமாதானம் சொன்னேன். அம்மா சமாதானம் ஆகவில்லை. எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். பிறந்ததில் இருந்து சித்திரைத் திருவிழாவைப் பாதியில் விட்டுப் போனதே இல்லை.

மே 3, சனி. மதுரை

நாளைக்குக் கத்திரி பிறக்கிறது. அதற்கு முன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பத்து மணிக்கே குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டோம். புதுமண்டபத்தில் திருப்பணிக்காக எடுக்கப்பட்ட கடைகளை இப்போது இங்கேதான் பார்க்கலாம். தங்கப் போகும் வீடுகளில் கொடுப்பதற்கு மூன்று சுங்குடிச் சேலை எடுத்தோம். ஒன்று 650 ரூபாய். சுங்குடியை மடித்தால் ஒரு நோட்டுப்புத்தகம் அளவுக்கு இடம், கனமே இல்லை. பயணத்தில் கொடுப்பதற்கு அதைவிட நல்ல பொருள் மதுரையில் கிடையாது என்பேன். புள்ளி புள்ளியாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவது இன்னும் கைவேலைதான். திருமங்கலம் ஒவ்வொரு சேலையையும் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, கட்டிய முடிச்சின் தடம் தெரிகிறதா, இல்லை அச்சடித்த புள்ளியா என்று பார்த்துத்தான் வாங்கவிட்டாள். கடைக்காரர் கோபப்படவில்லை. "பாருங்க தாயி, பாத்தே எடுங்க" என்று மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

அப்புறம் நேராக ஜிகர்தண்டா. வேறு வழி இல்லை.

மே 10, சனி. மதுரை

மேலூருக்கு நேற்று மாலைதான் துறையின் தடையின்மைச் சான்று கைக்கு வந்தது. அரசு ஊழியர் வெளிநாடு போக அது இல்லாமல் முடியாது. பிப்ரவரியிலேயே விண்ணப்பித்தவள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் பத்து வாரம் கிடந்தது. அவளுக்கு மட்டும் போக முடியாமல் ஆகியிருந்தால் நாங்களும் டிக்கெட்டை விட்டிருப்போம்.

பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்த வாரம் இது. வடக்கே பல விமான நிலையங்களை மூடியிருந்தார்கள். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி எல்லாப் பயணிகளுக்கும் அறிவிப்பு. போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தொலைபேசியிலேயே கழிந்தது. இன்று மாலை சண்டை நிறுத்தம் என்ற செய்தி வந்தது. பெட்டி கட்ட ஆரம்பித்தோம்.

மே 11, ஞாயிறு. தல்லாகுளம்

காலையில் இன்னொரு செய்தி. இலங்கையில் கொத்மலைப் பக்கம் மலைப்பாதையில் பஸ் உருண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். நாங்கள் போகப் போகும் மலைநாடு அது. அம்மா டிவியை அணைக்கவே இல்லை. "மலையில பஸ்ல ஏற மாட்டோம், ரயில்லதான் போவோம்" என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். நாலு பேர் வீட்டுக்கும் அதே வாக்கு போனது.

சாயங்காலம் எதிர்சேவை. மலையில் இருந்து கள்ளர் வேடத்தில் வரும் அழகரை ஊர் எதிர்கொண்டு அழைக்கும் நாள். தல்லாகுளத்தில் நிற்க இடமில்லை. திரி ஏந்தியவர்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள். பத்தடிக்கு ஒரு பந்தல். நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளி சாதம். யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. கையை நீட்டினால் தொன்னை வந்துவிடும். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று ஒரு பெரியவர் எங்களை வழி மறித்தே கொடுத்தார்.

தோழிகள் மூவரும் இரவு எங்கள் வீட்டில். இரண்டு மணி நேரம்தான் தூங்கினோம்.

மே 12, திங்கள். மதுரையில் இருந்து கொழும்பு

மூன்றரை மணிக்கெல்லாம் ஆற்றுக்குக் கிளம்பிவிட்டோம். அம்மா கையில் சர்க்கரைச் செம்பு. செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை போட்டு, வாழை இலையால் வாய் கட்டி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆழ்வார்புரம் பக்கம் ஒரு திண்டில் இடம் கிடைத்தது. தங்கக் குதிரை தெரிந்ததும் எழுந்த "கோவிந்தா" சத்தத்தில் பக்கத்தில் நின்றவள் பேசியது கேட்கவில்லை. வருடா வருடம் பார்ப்பதுதான். இந்த முறை எனக்கு அழுகை வந்தது. போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்பில் இருந்து நாலு பிடி சர்க்கரையை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். "வழியில வாயில போட்டுக்கங்க. ஊர் எல்லை தாண்டும்போது நல்லது." அதோடு விட்டார். கோபம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பாலங்கள் எல்லாம் மனிதத் தலைகள். செல்லூரில் இருந்து விமான நிலையம் சாதாரண நாளில் அரை மணி. ஆட்டோக்காரர் மாட்டுத்தாவணி போய், சுற்றுச்சாலையில் பாண்டி கோயில், விரகனூர், மண்டேலா நகர் என்று ஊரையே வளைத்துக் கொண்டுபோய் விட்டார். ஒன்றரை மணி நேரம், 800 ரூபாய். திருவிழா நாளில் அவர் வந்ததே பெரிது. வழியில் ஒரு பந்தலில் நிறுத்தி, எங்களுக்கும் சேர்த்து மோர் வாங்கி வந்து கொடுத்தார்.

பாதுகாப்புச் சோதனையில் இட்லிப் பொடிக்காக வைத்திருந்த நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள். 200 மில்லி, கைப்பையில் வைத்தது எங்கள் தவறு. அப்புறம் அந்தப் பெண் காவலர் சர்க்கரைப் பொட்டலத்தை வெளியில் எடுத்தார்.

"என்னது இது?"

"அழகர் சர்க்கரை. காலையில ஆத்துல காட்டுனது."

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையிலேயே கொடுத்தார். "எனக்கு இன்னைக்கு டூட்டி, போக முடியல" என்றார். ஒரு துளி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். விமானத்தில் ஏறிய பிறகுதான் தோன்றியது. இன்னும் மனசில் நிற்கிறது.

பறந்தது ஒரு மணி நேரம்தான். வறண்ட கண்மாய்கள், கருவேலங்காடு, கரையோரம் உப்பளப் பாத்திகள், அப்புறம் மன்னார் வளைகுடாவின் நீலம். தந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் தென்னந்தோப்புகள் வந்துவிட்டன. உசிலம்பட்டி சன்னலில் இருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. அப்பத்தா வீட்டுச் சாமான்களோடு எத்தனை நாள் பட்டு வந்த வழி இது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும். வெளியே வந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வாடகைக் கார், 6,000 இலங்கை ரூபாய். கேட்டதும் பதறினோம். நம் காசில் 1,750 போல வரும், நாலு பேருக்கு அது நியாயம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 100 ரூபாய், அதாவது நம் முப்பது. மூன்றரையால் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் கார் நகரவில்லை. வழியெல்லாம் வெள்ளை உடையில் ஜனங்கள், கடைக்குக் கடை காகிதக் கூடு விளக்குகள். அன்று வெசாக் பௌர்ணமி. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் இந்த நாளில் என்று கொண்டாடுகிறார்கள். தேதி பார்த்து டிக்கெட் போட்டபோது எங்கள் ஒருவருக்கும் இது தெரியாது.

திடீரென்று நாலைந்து இளைஞர்கள் கொடியை ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் வந்து காரை மறித்தார்கள். மேலூர் பயந்து என் கையைப் பிடித்தாள். ஓட்டுநர் சிரித்தார். "பயப்படாதீங்க, தன்சல். சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுறாங்க." இந்த இரண்டு நாளும் வழிப்போக்கர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்களாம். இறங்க மறுத்தால் அவர்களுக்கு வருத்தம் என்றார். அதே பேச்சை முந்தைய நாள் சாயங்காலம் தல்லாகுளத்தில் கேட்டிருந்தேன்.

இறங்கினோம். அவித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய்ச் சம்பல். காரம் நாக்கைச் சுட்டது. தாள் தட்டில் கொடுத்த பையனுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. தட்டு காலியாவதற்குள் இன்னும் இரண்டு துண்டு வைத்தான். காசு கொடுக்கப் போன திருமங்கலத்தின் கையை மெதுவாக மூடிவிட்டான். அடுத்த அரை கிலோமீட்டரில் கடலைச் சுண்டல், அதற்கும் அடுத்து ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமுக்கு மட்டும் நூறு பேர் வரிசை.

இரவு பத்து மணிக்கு அம்மாவை அழைத்தேன். அழகர் வண்டியூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்றார். சன்னலுக்கு வெளியே நிலா பெரிதாக இருந்தது. "அங்கயும் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். என்ன சாப்பிட்டீர்கள் என்றார். ரோட்டில் கொடுத்ததைச் சாப்பிட்டோம் என்று சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. "அங்கயும் குடுக்குறாங்களா!" என்றார்.

மே 13, செவ்வாய். கொழும்பு

இன்றும் வெசாக் விடுமுறை, இறைச்சிக்கடையும் மதுக்கடையும் மூடல். கொத்து ரொட்டிக்காக வந்த திருமங்கலத்துக்கு முட்டைக் கொத்துதான் கிடைத்தது. காலையில் வெள்ளவத்தையில் இடியப்பம், சொதி, சம்பல். நாலு பேருக்கு 1,800 ரூபாய். நம் ஊர் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும்தானே. இங்கே அந்தப் பாலையே மஞ்சளும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் குழம்பாக்கி ஊற்றுகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலை அதைச் செய்து பார்ப்பதுதான்.

பகலில் புழுக்கம். மதுரை வெயில் சுடும், நிழலுக்கு வந்தால் விடும். இங்கே நிழலிலும் விடவில்லை. சாயங்காலம் காலிமுகத்திடலில் கடற்காற்று வாங்கிவிட்டுத்தான் உயிர் வந்தது.

நாளைய மலை ரயிலுக்கு முன்பதிவு இடம் ஒன்றுகூட இல்லை. திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுமாம். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பஸ்ஸில் போவதில்லை. நின்றுகொண்டாவது ரயில்தான்.

மே 14, புதன். கொழும்பில் இருந்து அட்டன்

கோட்டை ரயில் நிலையத்தில் 5:55 வண்டி. மூன்றாம் வகுப்பு, விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். கண்டி வரைக்கும் நின்றோம். மேலூருக்குக் கால் வீங்கிவிட்டது. கீழே காகிதம் விரித்து உட்காரப் போனவளை, பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா பிடித்து நிறுத்தினார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இங்க ஒக்காருங்க. எங்கிட்டு இருந்து வாறீங்க?" என்றார்.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கிட்டு! கொழும்பில் இரண்டு நாளாகக் கேட்ட தமிழ் வேறு. இது எங்கள் வீட்டுத் தமிழ்.

மதுரை என்றோம். "எங்க தாத்தாவும் மருதப் பக்கம்னுதான் சொல்லுவாரு. எந்த ஊருன்னு கேட்டு வச்சுக்கல." வத்தளையில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு நாள் லீவுக்குத் தோட்டத்துக்குப் போகிறார், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அம்மா மட்டும் இருக்கிறார். கொத்மலையில் போன பஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

உசிலம்பட்டி குடும்ப அட்டை நகலைக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டித் தோட்டத்தின் பெயரைப் படித்தார். "இது எங்களுக்கு அடுத்த மலை. அட்டன்ல எறங்கி ஆட்டோ புடிங்க, ஆயிரத்தைந்நூறுக்கு மேல குடுக்காதீங்க."

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. வட்டவளையில் மழை. சன்னலுக்கு வெளியே மலைச்சரிவெல்லாம் தேயிலை, நடுநடுவே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கொழுந்து பறிக்கும் பெண்கள். உசிலம்பட்டி எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நாங்கள் கூப்பிடவில்லை.

பதினொன்றரை வாக்கில் அட்டன். மழை விடவில்லை. நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை. பால் இருக்கிறதா என்று திருமங்கலம் கேட்டாள். "பால்மாவு இருக்கு" என்றார் கடைக்காரர். உசிலம்பட்டி எங்களை முந்திக்கொண்டு, "நாலு சாயம் குடுங்கண்ணே, சீனி போடாம" என்றாள்.

கண்ணாடித் தம்ளரில் செக்கச்செவேல் என்று வந்தது. கைப்பையில் இருந்த அழகர் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்து, எங்கள் நாலு பேர் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு துளி கொடுத்தாள். அவர் எதுவும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு நக்கு, ஒரு மடக்கு. வெளியே ஆட்டோ வந்து நின்றது. தம்ளரைக் குடித்து முடிக்கும் வரை ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னோம்.